எர்மினியாவின் ரொட்டிக்கல்

ஆசிரியர் வேலைக்கான விண்ணப்பத்தில் என்ன முகவரி எழுதினாய் என்று அம்மா கேட்டாள். படித்துக் காட்டினேன். 'எர்மினியாவின் ரொட்டிக்கல்லிலிருந்து ஏரிப்பக்கம் முதல் வீடு.' சோளமாவைத் தட்டிக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது.

எங்கள் மனாகுவா நகரத்தில் தெருக்களுக்குப் பெயரோ வீடுகளுக்கு எண்ணோ கிடையாது; அஞ்சல் குறியீட்டு எண் கடிதத்தைப் பேட்டைவரை கொண்டுவந்து போடும். அதன்பின் தபால்காரர் ஏதாவது ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். எங்களுக்கு அடையாளம், பணக்காரர் தோன் லிசிமாகோவின் வீடு இருந்த இடம். வீடு எப்போதோ இடிந்து இப்போது அங்கே புல்லும் பிளாஸ்டிக் பைகளும்தான். அந்த வீட்டில் அம்மா பன்னிரண்டு வயதிலிருந்து துணி துவைத்தாள். நான் வயிற்றில் இருந்தபோது அவளை விரட்டிவிட்டார். ஆள் செத்தும் போனார். ஆனாலும் என் பள்ளிச் சான்றிதழில் தொடங்கி எல்லாக் காகிதத்திலும் நாங்கள் அவர் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

"உன் வீம்புக்கு வேலை போயிடும்டி. என் ரொட்டிக்கல்ல எவனுக்குத் தெரியும்?"

"தினம் வந்து தின்னுட்டுப் போறவனுக்கெல்லாம் தெரியும்."

படிக்க வைத்தது என் தப்பு என்று முணுமுணுத்தாள். நான் மாற்றவில்லை. கல்லூரித் தோழிகளையும் அந்த முகவரிக்கே கடிதம் போடச் சொன்னேன். முதலில் போட்டவை திரும்பிப் போயின. பிறகு தபால்கார வில்ஃப்ரெதோ அண்ணன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, உன் தொல்லை தாங்கவில்லை என்றார்.

பதிவுத்தபால் வந்த காலையில் அடுப்பைச் சுற்றிக் கூட்டம். உறையில் அமைச்சகத்தின் முத்திரை. நான் கை நீட்டுவதற்குள் அம்மா வாங்கிவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே சொல் தன் பெயர். அதன் குறுக்கே யாரோ சிவப்பு மையால் கோடு போட்டு, மேலே வேறு ஏதோ எழுதியிருந்தார்கள்.

"மேல இருக்கறது யார் பேரு?"

தோன் லிசிமாகோ பெயர்தான், கடிதம் பிரிக்கிற இடத்தில் எவனோ நல்லது செய்வதாக நினைத்துத் திருத்தியிருக்கிறான் என்றார் வில்ஃப்ரெதோ.

அம்மா உறையை அவர் பையிலேயே செருகினாள். "அந்தாளு வீடு இங்க இல்ல. சரியா எழுதி எடுத்துட்டு வா."

"விளையாடாதக்கா. புள்ளையோட வேலை உத்தரவு. திரும்பிப் போனா வேற எவனுக்காவது குடுத்துடுவான்."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை நாள் என்னை வீம்புக்காரி என்றவள் இவள்தான். ரொட்டிக்கு நின்றவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். மூன்று வருடப் படிப்பு அந்தப் பையின் வாயில் பாதி வெளியே தெரிந்தது.

"நீ சொல்லும்மா. கையெழுத்துப் போடறியா, எடுத்துட்டுப் போகவா?"

அவர் நீட்டிய பேனாவை வாங்கினேன்.

"உறையையும் குடுங்கண்ணே. பேரைத் திருத்தணும்."

கல்லில் ரொட்டி ஓரம் கருகத் தொடங்கியிருந்தது. அதைத் திருப்பிப் போடாமல் அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.