தோற்பதற்காகக் கட்டிய ரோபோ

ஒசாகாவுக்குத் தெற்கே இருக்கும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கத் தலைவர் பதவியைவிடப் பல்வலி மேல். பல்லையாவது பிடுங்கிவிடலாம். தலைவர் குப்பை நாளில் விடியற்காலையில் எழுந்து காகம் கிளறாதபடி குப்பை மேல் வலை போர்த்த வேண்டும். யார் வீட்டுப் பூனை யார் பால்கனியில் என்ன செய்தது என்ற வழக்கை விசாரிக்க வேண்டும். கோடைத் திருவிழாவில் மைக் கரகரத்தால் திட்டும் அவருக்குத்தான். அதனால் மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தில் "அடுத்த தலைவர் யார்?" என்று கேட்டதும் அத்தனை பேரும் குனிந்து அவரவர் செருப்பை ஆராயத் தொடங்குவோம்.

இந்த வருடம் முறை எங்கள் மூன்றாம் படிக்கட்டு வீடுகளுக்கு வந்துவிட்டது. அதில் இதுவரை தப்பித்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் பள்ளிப் பேருந்து ஓட்டும் நான், நிஷிவாகி. இன்னொருவன் எதிர்வீட்டு சகுமா. லிஃப்ட் பழுது பார்ப்பவன்.

எங்கள் இருவருக்கும் ஒரு பழைய பகை உண்டு. வீடியோ கேமில் ராட்சத ரோபோக்களை மோதவிடுவோம். கால், கை, துப்பாக்கி, எஞ்சின் எல்லாவற்றையும் நாமே பொறுக்கிப் பூட்டி, சாயம் அடித்து, பெயர் வைக்க வேண்டும். என் ரோபோவின் மார்பில் சிவப்பு ஆக்டோபஸ் படம், பெயர் டகோமாரு. சகுமா தன்னுடையதற்கு யோகோசுனா என்று பெயர் வைத்திருந்தான். சுமோ மல்லர்களில் தலையாயவருக்குத் தரும் பட்டம் அது. அவனுக்கு அடக்கம் கொஞ்சம் குறைவு.

மூன்று வருடத்தில் அறுபத்தொரு சண்டை. அறுபத்தொன்றிலும் நான்தான் மண்ணைக் கவ்வினேன். படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் "டகோமாரு சௌக்கியமா?" என்று கேட்பான். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவனை ஜெயித்துவிட்டால் போதும் என்று இருந்தது எனக்கு.

கூட்டத்தில் சகுமா எழுந்தான்.

"எதுக்கு இழுத்துக்கிட்டு? நானும் நிஷிவாகியும் ரோபோ சண்டை போடுறோம். தோத்தவர் தலைவர்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். என் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். அறுபத்திரண்டாவது தோல்வியும் ஒரு வருடக் குப்பை வலையும் கண்முன் தெரிந்தன. அப்போதுதான் பதவி விலகும் தலைவர் தமாகி அம்மா மேசையைத் தட்டினார். சலவைக் கடை நடத்துபவர். குரலே இஸ்திரி போட்ட மாதிரி விறைப்பாக இருக்கும்.

"தோத்தவரை எங்க தலையில கட்டப் பாக்குறீங்களா? தலைவர்னா கெட்டிக்காரரா இருக்க வேணாமா? ஜெயிக்கிறவருக்குத்தான் பதவி."

கைதட்டல் கூரையைத் தொட்டது. சகுமாவின் முகம் சுண்டிப்போனது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் அதுதான். எனக்கோ துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. தோற்பதில் எனக்கு இருந்த அனுபவம் அந்த ஊரில் யாருக்கு இருந்தது?

தமாகி அம்மா விதிகளையும் அங்கேயே அறிவித்தார். "ஐந்து நிமிஷம். மைதானத்தை விட்டு ஓடக்கூடாது. முடியும்போது யாருக்குக் கவசம் அதிகமா மிஞ்சுதோ அவர் ஜெயிச்சவர்."

ரோபோவைப் பூட்ட அரை மணி நேரம் கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் துப்பாக்கிகளைக் கழற்றி வைத்தேன். இருப்பதிலேயே மெலிந்த கவசம். குச்சி மாதிரி இரண்டு கால். சகுமா என் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"யோவ், என்னய்யா இது, துணி காயப்போடுற கம்பியா?"

"உன்னுது மட்டும் என்னவாம்? முதுகுல என்ன அவ்வளவு பெரிய டேங்க்?"

"எரிபொருள். மேல கவசம் கிடையாது. லேசாத் தட்டினாலே வெடிச்சிடும். தட்டிப் பாக்குறியா?"

"நான் தட்ட மாட்டேன். என் கையில துப்பாக்கியே இல்ல."

"என் கையிலயும் இல்ல."

சங்கத்தின் கரோக்கே டிவியில் சண்டை தொடங்கியது. இரண்டு ரோபோக்களும் எதிரெதிரே சும்மா நின்றன. அரிசி முறுக்கைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சகுமாவின் ரோபோ திரும்பி, பக்கத்துக் கட்டடத்தின் உச்சிக்கு ஏறி, கீழே குதித்தது. தொம். காலூன்றி விழுந்ததால் முதுகு டேங்க் தப்பியது, கவசத்தில் மட்டும் ஒரு பங்கு போனது.

விடுவேனா? நானும் ஏறினேன், குதித்தேன். அவன் மறுபடி ஏறினான். நகரத்தின் இரண்டு மூலைகளிலும் இரண்டு ராட்சதர்கள் மாறி மாறி மாடியிலிருந்து விழுந்துகொண்டிருந்தார்கள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தமாகி அம்மா மட்டும் சிரிக்காமல், "ஒருத்தராவது ஒழுங்கா அடிச்சுக்கோங்களேன்!" என்று கத்தினார்.

என் கவசம் மெலிது என்பதால் எனக்குச் சேதம் அதிகம். கடைசி இருபது வினாடியில் என் கவசம் எண்பது, அவனுடையது இருநூறு. நான் புகைபோக்கியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரே ஒரு குதி. டகோமாரு தூள் தூளாகும், நான் விடுதலை. சகுமாவின் ரோபோவும் ஏறலாம் என்று அங்கேயே வந்து அடியில் நின்றது. அதன் கால்கள் கனத்தால் திணறின, இனிமேல் அதனால் ஏற முடியாது.

சகுமா என் காதருகே மெதுவாகச் சொன்னான்.

"குதி, குதி. அறுபத்திரண்டாவது. பயப்படாதே, உனக்குப் பழக்கமானதுதானே. நான் தலைவரானாலும் ஊருக்குத் தெரியும், உன்னால என்னை ஒரு தடவைகூட ஜெயிக்க முடியலன்னு."

எனக்குக் கண் சிவந்துவிட்டது. குப்பை வலை, பூனை வழக்கு, மைக் எதுவும் நினைவில் இல்லை. குதித்தேன், நேராக அவன் முதுகில் இருந்த அந்த டேங்கின் மேல்.

திரை வெள்ளையாகிப்போனது. புகை விலகியபோது யோகோசுனா இருந்த இடத்தில் ஒரு பள்ளம். அவன் மேல் விழுந்ததில் அடி குறைந்து, அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் டகோமாரு ஒற்றைக் காலில் நின்றது. கவசம் ஏழு.

"ஜெயிச்சுட்டேன்!" என்று நாற்காலி மேல் ஏறி ஆடினேன். "பாத்தியா! பாத்தியா!" என்று என் மனைவியைக் கட்டிப்பிடித்தேன். அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. தமாகி அம்மா என் கையைப் பிடித்து நீட்டி, சங்கத்தின் சாவிக் கொத்தை அதில் வைத்தார். சகுமா எழுந்து, இடுப்புவரை குனிந்து, "இனிமே உங்க தயவுல, தலைவரே" என்று வணங்கினான். நிமிர்ந்தபோது அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. ஏன் காதருகே வந்து பேசினான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் தலைவராக என் முதல் வேலையைச் செய்ய உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் சங்க அறிவிப்பை ஒரு அட்டையில் மாட்டி வீடு வீடாக அனுப்புவோம். படித்தவர் தன் பெயருக்கு எதிரே, கையெழுத்துக்குப் பதிலாக, தன் பெயர் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட வேண்டும். முதல் விஷயம், பிளாஸ்டிக் குப்பை இனி வியாழக்கிழமை. இரண்டாவது, புறாவுக்குத் தீனி போடாதீர்கள். மூன்றாவதாக இப்படி எழுதினேன்: "ரோபோ சண்டையில் நிஷிவாகி வெற்றி. சகுமா தோல்வி."

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் அறிவிப்பா?"

"உறுப்பினர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்."

அட்டை சகுமா வீட்டில் மூன்று நாள் நின்றுபோனது. நாலாம் நாள் நான் அவன் கதவைத் தட்டினேன்.

"சகுமா சார், சங்க விதிப்படி ஒரு நாளைக்கு மேல அட்டையை வச்சிருக்கக் கூடாதுங்க. தலைவர்ங்கிற முறையில சொல்றேன்."

கதவு திறக்கவில்லை. ஆனால் மாலையில் அட்டை நகர்ந்தது. சுற்றி முடித்து என்னிடம் வந்தபோது எல்லார் முத்திரையும் நேராக இருந்தது. சகுமாவுடையது மட்டும் தலைகீழ்.

தலைகீழாக இருந்தாலும் முத்திரை முத்திரைதான்.