பின்கதவு ரோஜா

ஜெனிட்டாவின் கொடிரோஜாவைப் பார்த்து, "இது பன்னீர் ரோசாதானே?" என்று கேட்டவர்களுக்கு அந்த வீட்டில் இரண்டாவது தடவை காபி கிடைத்ததில்லை. தீக்காய வார்டில் எத்தனையோ வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறவள். அங்கே பொறுமைக்குப் பேர் போனவள். செடி விஷயத்தில் மட்டும் அந்தப் பொறுமை கிடையாது.

கோபப்படுவதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்துக் கரிசல் மண்ணில், உப்புத் தண்ணீரை ஊற்றி, அந்த வெயிலில் ஒரு ரோஜாவைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. அவளோ அதைக் கொட்டகைச் சுவர் முழுக்கப் படர விட்டிருந்தாள். செத்துப்போன அப்பா யோபு வாத்தியார் பின்கட்டில் கட்டிய கொட்டகை அது. முன்கதவு சந்துப் பக்கம் திறக்கும். பின்கதவு இரும்புத் தகடு, தோட்டத்துப் பக்கம் திறக்கும், ஆனால் யாரும் திறந்து ஜெனிட்டா பார்த்ததில்லை. திறக்காத கதவு எதற்கு என்று ரோஜாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

கொடிரோஜாவை நிமிர்ந்து ஏற விட்டால் உச்சியில் நாலு பூ பூத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். கிளையை இளசிலேயே வளைத்துப் படுக்கப் போட்டுக் கட்டினால் கணுவுக்குக் கணு துளிர்த்துப் பூக்கும். அப்படித்தான் கட்டினாள். தகட்டுக் கதவின் குறுக்குக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கி, வரிவரியாகப் படுக்க வைத்தாள். தங்கை ஜாஸ்பினுக்குத் தை பிறந்ததும் கல்யாணம். அந்த இளஞ்சிவப்புப் பூக்களுக்கு முன்னால் அவளை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்பது ஜெனிட்டாவின் ஆசை. ஜாஸ்பின் சிவகாசியில் காலண்டர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். காலையில் வேன் ஏற சந்து வழியாக ஓடுவாள், சாயங்காலம் அதே சந்து வழியாக வருவாள்.

கொட்டகையைக் காலண்டர் அட்டை அடுக்கிவைக்க வாடகைக்குக் கேட்டு வந்தவன் கதிரவன். சந்துப் பக்கம் மட்டும் போதும் என்றான். வந்த அன்றே ரோஜாவைப் பார்த்து நின்றுவிட்டான்.

"சிஸ்டர், கொடிரோசாவா? எம்புட்டு நேர்த்தியா கட்டியிருக்கீக."

சரியான பெயரைச் சொல்லிவிட்டான். அவனுக்கு அன்றைக்கு இரண்டு காபி.

அதன் பிறகு அவன் வரும்போதெல்லாம் செடிக்கு ஏதாவது வந்தது. வெடியுப்பு கொஞ்சம், தண்ணீரில் கரைத்து வேரில் ஊற்ற. இலையில் சாம்பல் நோய் வந்தபோது ஒரு பை நிறையக் கந்தகப் பொடி. உரக்கடைக்கு நடக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டிலேயே இரண்டும் கிடைத்துவிடுகிற ஊர் இது. யாரும் ஏது என்று கேட்பதில்லை, ஜெனிட்டாவும் கேட்கவில்லை.

"கதவு தெரியாம அடைச்சு விடுங்க சிஸ்டர்" என்பான் கதிரவன். "உள்ள வெக்கை தாங்கல. இலை மூடுனா அட்டை வளையாம இருக்கும்."

செடியை இவ்வளவு மதிக்கிற ஒருவன் கேட்கும்போது மறுப்பாளா? இன்னும் இரண்டு கிளையை இழுத்து, இன்னும் நாலு முறுக்கு முறுக்கினாள். கந்தக வாடை அந்தப் பக்கமெங்கும் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. தான் தூவிய பொடிதானே என்று அவள் அதை மோந்துகொண்டே களை பிடுங்கினாள்.

ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. தீபாவளிக்கு முன்னால் மழை விட்டு வெயிலடித்த ஒரு காலை, வார்டில் அவளுக்கு லீவு. கத்தரியை எடுத்துக்கொண்டு செடியடிக்குப் போனாள். இலைகள் கழுவிவிட்டதுபோலப் பளிச்சென்று இருந்தன. பொடி ஒரு துளி இல்லை. வாடை மட்டும் அப்படியே இருந்தது.

கதவை ஒட்டிச் சுவரில், முக உயரத்தில், காற்றுப் போக ஒரு சின்னத் துவாரம். அதை ஒட்டிய இலைகளின் அடியில் சாம்பல் பூத்திருந்தது. நோய் திரும்பிவிட்டதே என்று விரலால் துடைத்தாள். சாம்பல் நோய் வெள்ளையாக ஒட்டும். இது விரலில் மினுங்கியது.

அந்த மினுக்கத்தை அவளுக்குத் தெரியும். வார்டுக்குத் தூக்கிவரும் கைகளில் எரியாத இடத்தில் அது ஒட்டியிருக்கும். சோப்புக்குப் போகாது. எண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். பேன்சி வெடிக்குப் போடுகிற அலுமினியப் பொடி.

அவளுக்கு முதலில் கதிரவன் மேல்தான் ஆத்திரம் வந்தது. படுபாவி, காபி குடித்துக்கொண்டே என் வீட்டில் வெடி உருட்டியிருக்கிறானே என்று. பிறகுதான் வேறொன்று நினைவுக்கு வந்தது. ஜாஸ்பினின் காதோரம் இதே மினுக்கம். நேற்றுகூடப் பார்த்தாள். காலண்டரில் ஒட்டுகிற ஜிகினா என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

துவாரத்துக்குக் காதைக் கொடுத்தாள். உள்ளே பெண்கள் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். அது ஜாஸ்பினின் சிரிப்பு.

கத்தலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கத்தினால் என்ன ஆகும் என்பது ஜெனிட்டாவைவிட யாருக்குத் தெரியும்? ஒருத்தி பதறி எழுவாள், ஒரு தட்டு சரியும், ஏதோ ஒன்று உரசும். முன்வாசல் பக்கம் பற்றினால் அத்தனை பேரும் இந்தக் கதவுக்குத்தான் ஓடி வருவார்கள். இந்தக் கதவைத்தான் அவள் பூவால் தைத்து வைத்திருக்கிறாள்.

வெடுக்கென்று இழுக்கவும் முடியாது. இரும்புக் கதவில் இரும்புக் கம்பி. ஒரு பொறி போதும். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கதவு முழுக்க மெல்ல ஊற்றினாள். பிறகு கத்தரியால் கிளையை வெட்டினாள். கட்டை விரல் தடிமனுக்கு வளர்ந்திருந்த தாய்க் கிளைகள். மொட்டு விட்டிருந்தவை. ஒவ்வொன்றையும் வெட்டி ஓசைப்படாமல் தரையில் வைத்தாள். கம்பி முறுக்குகளைக் கையாலேயே ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எவ்வளவு இறுக்கமாக முறுக்கியிருக்கிறோம் என்று தன்னையே வைதாள். முள் கிழித்து முழங்கை வரை ரத்தம் ஓடியது. அவள் வாய் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது. பாதியில் வார்த்தை மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

தாழ்ப்பாளில் தேங்காயெண்ணெய் விட்டு நகர்த்தியபோது கதவு முனகிக்கொண்டு திறந்தது. உள்ளே சாக்கு விரித்து ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஜாஸ்பின். கை முழங்கை வரை வெள்ளி.

"எல்லாரும் கையில உள்ளதை அப்படியே வைங்க" என்றாள் ஜெனிட்டா, வார்டில் பேசுகிற குரலில். "ஓடாம, ஒவ்வொருத்தரா வாங்க. ஜாஸ்பின், நீ முதல்ல வா."

வெட்டிப் போட்ட பூக்களை மிதித்துக்கொண்டு அவர்கள் வெறுங்காலோடு வெளியே வந்தார்கள். முள் குத்தியும் ஒருத்தியும் சத்தம் போடவில்லை. கடைசி ஆள் வாசல் தாண்டிய பிறகுதான் ஜெனிட்டா தங்கையை அறைந்தாள். அறைந்த கையாலேயே இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"ஏட்டி, காலண்டர் கம்பெனின்னு சொன்னியே."

"அங்க ஆளைக் குறைச்சிட்டாகக்கா. சொன்னா நீ இங்கன விடமாட்ட. சீசன் வரைக்கும்தானேன்னு நினைச்சேன்."

கதிரவன் வந்தான். சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"தப்புத்தான் சிஸ்டர். ரெண்டு நாள்ல காலி பண்ணிருதேன். போலீசுக்கு மட்டும் போயிராதீக. போனா தங்கச்சி பேரும்தான் வரும்."

அதுதான் அவள் நாக்கைக் கட்டியது. கல்யாணம் பேசி முடித்த பெண். சொந்த வீட்டுக் கொட்டகை. அவள் போலீசுக்குப் போகவில்லை. அவன் சொன்னபடியே சாமான்களை ஏற்றினான். போகும்போது தரையில் கிடந்த கிளைகளைப் பார்த்து நின்றான்.

"இதுல ரெண்டு கம்பு எடுத்துக்கிடட்டுமா? புது இடத்துல வைக்கலாம்னு."

சனியன் தொலைகிறதே என்ற நிம்மதி அவளுக்கு. எடுத்துக்கொள் என்றாள். அதோடு விட்டாளா? செடியைப் பற்றிக் கேட்டால் அவளுக்கு வாய் நிற்காது. சாய்வாக வெட்டச் சொன்னாள், ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு போகச் சொன்னாள். வளர்ந்ததும் நிமிர்த்திக் கட்டாதீர்கள், படுக்கப் போட்டுக் கட்டுங்கள் என்றாள். அவன் ஒரு நல்ல மாணவனைப்போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

ஜாஸ்பினின் கல்யாணம் நடந்து முடிந்தது, படம் பூ இல்லாத சுவருக்கு முன்னால்தான் எடுத்தார்கள். சாத்தூரில் வாழ்க்கைப்பட்டாள். அடுத்த வருஷ மழைக்காலம் முடிந்ததும் மாசமாக இருந்த தங்கையைப் பார்க்க ஜெனிட்டா பஸ் ஏறினாள். மடியில் அதிரசத் தூக்குவாளி. கொட்டகையில் இப்போது பழைய நாற்காலிகள் மட்டும் கிடந்தன. ஒரு வருஷமாக அவள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பாதி வழியில் பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னலைக் காட்டினாள்.

"அங்கன பாருங்களேன். யாரோ கொட்டகை மேல எம்புட்டு அழகா ரோசா படர விட்டிருக்காக."

ஜெனிட்டா பார்த்தாள். சாலையிலிருந்து தள்ளி, காட்டுக்குள் தனியாக ஒரு கொட்டகை. அதன் பின்சுவரில் இளஞ்சிவப்பு. கிளைகள் வரிவரியாகப் படுக்க வைத்துக் கட்டப்பட்டிருந்தன. அவள் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூட அவன் விடவில்லை. நடுவில், ஓர் ஆள் உயரத்துக்கு, பூ கொத்துக்கொத்தாக அப்பியிருந்தது.

தன் தங்கையை வெளியே இழுத்துவிட்டு, பூவால் அடைத்த அந்தக் கதவை வேறு யாருக்கோ கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அது அவளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. எழுந்து நின்று, பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள். தூக்கு உருண்டு அதிரசம் சிதறியதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இறங்கி, போனில் போலீசை அழைத்துக்கொண்டே காட்டுக்குள் நடந்தாள். கையில் கத்தரி இல்லை. எதிர்முனையில் இடத்துக்கு அடையாளம் கேட்டார்கள். வீட்டு நம்பர், தெருப் பெயர், எதுவும் அங்கே இல்லை.

"கொடிரோசா படர்ந்திருக்கும்" என்றாள் ஜெனிட்டா. "எங்கன பூ ரொம்ப அடர்த்தியா இருக்கோ, அதுக்குப் பின்னாலதான் கதவு இருக்கு. இழுத்துராதீக, வெட்டித்தான் எடுக்கணும். நான் கட்டச் சொன்னதுதான், எனக்குத் தெரியும்."