சிவப்புப் புள்ளி வைத்த வீடுகள்

ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் என் மேஜையில் வைத்த நோட்டு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. முந்தின நாள் கோடை மழை. சட்டைக்குள் செருகி வைத்தும் நனைந்துவிட்டதாம். "எல்லாப் பக்கமும் ஒரு ஜெராக்ஸ் போட்டு வையி நைனா. எழுத்து அழியறதுக்குள்ள. நான் ஒரு டீ அட்ச்சிட்டு வந்துட்றேன்" என்று இறங்கிப் போனார். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. வீடு முடிந்தால் ஒரு மாத வாடகை அவருக்கு. அவருடைய மொத்தப் பிழைப்பும் காலி வீட்டு விலாசங்கள் எழுதிய அந்த நாற்பது பக்க நோட்டு. நான் இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று அவருக்கு, இன்னொன்று எனக்கு.

இரண்டாயிரத்து ஏழு, மே மாதம். தண்டையார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் எனக்கு வேலை. புரோக்கர் கிடையாது, கமிஷன் கிடையாது, வீட்டுக்காரரும் குடிவருகிறவரும் நேராகப் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு வெப்சைட் அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் பக்கத்து விலாசம் ஒன்று ஏற்றினால் பத்து ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். பணத்துக்காக மட்டும் செய்தேன் என்றால் அது பொய். எனக்கு ஸ்டானிஸ்லாஸ் மேல் பெரிய கடுப்பு இருந்தது.

காரணம் என் அக்கா செங்கொடி. அவள் மகளுக்கு ராயபுரத்தில் ஒரு நல்ல பள்ளியில் இரண்டாம் வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. அக்காவுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை, மச்சான் வரதன் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். வியாசர்பாடியிலிருந்து குழந்தையைக் கொண்டுவிட்டுக் கூட்டிவர ஆளில்லை. குழந்தை தானாக நடந்துவரும் தூரத்தில் ஜூனுக்குள் வீடு கிடைத்தால்தான் அந்தப் பள்ளி. ஸ்டானிஸ்லாஸிடம் மூன்று வீடு கேட்டார்கள். மூன்றுக்கும் "அது போயிட்ச்சிம்மா" என்றார். கல்மண்டபம் பக்கத்து வீட்டில் அதற்குப் பிறகும் மூன்று வாரம் டூலெட் போர்டு தொங்கியதை நானே பார்த்தேன். கூட வாடகை தருகிறவனுக்காகப் பதுக்குகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நோட்டில் சில விலாசங்களின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி இருந்தது. வெப்சைட் படிவத்தில் வாடகைக்கு இடம் இருந்தது, அட்வான்ஸுக்கு இருந்தது, தண்ணீர் வசதிக்குக்கூட இருந்தது. புள்ளிக்கு இடமில்லை. முடிந்துபோன வீடுகளாக இருக்கும் என்று போன் போட்டுப் பார்த்தால் எல்லாம் காலி. அக்கா கேட்ட மூன்றும் அதில் இருந்தன. ஆள் பித்தலாட்டக்காரர் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று ஒரே சந்தோஷம் எனக்கு. எல்லாவற்றையும் ஏற்றினேன்.

அடுத்த ஞாயிறு நானே அவர்களைக் கல்மண்டபம் வீட்டுக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் என் பெருமைதான். வீட்டுக்காரர் சுப்புராயன் வாசலிலேயே கைகூப்பினார். "நெட்ல பாத்தீங்களா? எவனோ எனக்கே தெரியாம போட்டிருக்கான். நல்லதாப் போச்சு, புரோக்கர் தொல்லை இல்லை" என்று சிரித்தார். குழந்தை நேராகப் பின்னறைக்கு ஓடி ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு, "இங்கதான் என் கட்டிலு" என்றது.

"அப்படியா? உன் பேர் என்ன கண்ணு?"

"ரமாபாய்."

"அட, சேட்டு வீட்டுப் பேரு மாதிரி இருக்கே."

"இல்ல தாத்தா. அம்பேத்கர் வூட்டம்மா பேரு." பள்ளி மேடையில் சொல்வதுபோல் நிமிர்ந்து நின்று சொன்னாள்.

அவர் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. கண் மட்டும் மச்சானிடம் போனது. "வியாசர்பாடின்னு சொன்னீங்க இல்ல?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். இரண்டு நிமிடம் கழித்து வந்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க. என் பொண்ணு குடும்பத்தோட வந்தாலும் வருவா. இப்போதைக்கு வாடகைக்கு விடற யோசனை இல்லை." மச்சான் செருப்பை மாட்டினார். அக்கா குழந்தையின் கவுனை இழுத்துச் சரிசெய்தாள். சரிசெய்ய அதில் ஒன்றுமே இல்லை.

தெருமுனையில் குழந்தை என் விரலைப் பிடித்தாள். "மாமா, நான் பேர் சொல்லாம இருந்திருந்தா குடுத்திருப்பாரா?"

"சேச்சே. அவரு பொண்ணு வருதாம்" என்றேன். ஏழு வயதுக்கு அவ்வளவு முட்டாளாக யாரும் இருக்கமாட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் பேர் கேட்டபோது "ரமா" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். எனக்கு அங்கேயே இறங்கி எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஸ்டானிஸ்லாஸ் வந்தார். "இன்னா நைனா, என் நோட்டு கம்ப்யூட்டர்ல கீதாமே?"

"அந்தச் செவப்புப் புள்ளி இன்னாண்ணே?" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "யாரை அனுப்ன?"

"அக்காவ."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். "பாவி. கொழந்தையுமா? போயிட்ச்சி போயிட்ச்சின்னு மூணு வாட்டி சொன்னனேடா. எதுக்குச் சொன்னேன்னு நெனச்ச?"

"நேராவே சொல்லியிருக்கலாமில்ல?"

"இன்னான்னு? ஒங்க ஆளுங்களுக்குக் குடுக்கமாட்டானாம்னா? எனக்கு வாய் வரல."

"அந்த மாதிரி வூட்டுக்கு ஆள் புட்ச்சிக் குடுக்க மட்டும் வந்துதா?"

இதைக் கேட்க எனக்கு அன்று எந்த யோக்கியதையும் இல்லை. ஆனாலும் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "வந்துச்சி நைனா. இருவத்திரண்டு வருசமா வந்துகினுதான் கீது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நோட்டைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புள்ளி வைத்த வீடுகளை எடுத்துவிடச் சொல்லி வெப்சைட்காரனுக்குப் போன் செய்தேன். காலியாக இருக்கிற வீட்டை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டான். போனை வைத்துவிட்டேன். புள்ளி இல்லாத வீடுகளோ நான் ஏற்றிய வாரமே யார் யாருக்கோ முடிந்துவிட்டிருந்தன. ஸ்டானிஸ்லாஸ் பொறுமையாகத் தேடி ஒருவேளை அக்காவுக்குக் கொடுத்திருக்கக்கூடிய வீடுகள். அவற்றையும் நானேதான் தொலைத்தேன்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவள் பள்ளிச் சீருடைக்குக் கீழ்த்தையல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த சைட்ல இன்னும் வூடு கீதா?"

"கீதுக்கா. இப்ப வூட்டுக்காரங்களே போட்றாங்க. ராயபுரத்துல மட்டும் பதினாலு. ஆனா எது எப்டின்னு தெரியாது."

"பிரிண்ட் எட்து வா. நான் வரமாட்டேன், அவரும் வரமாட்டாரு. கொழந்த இனிமே எந்த வாசப்படியும் சும்மா ஏறாது. மொதல்ல நீ போ. அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நாம யாருன்னு நீயே சொல்லு. தர்றேன்னு சொன்னா எங்களக் கூப்டு." நூலைப் பல்லால் கடித்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

சனிக்கிழமை காலையிலிருந்து ஐந்து வீடு பார்த்துவிட்டேன். ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்று போன் நம்பரை வாங்கிக்கொண்டார், எழுதிக்கொள்ளவில்லை. ஓர் அம்மாள் தண்ணீர் கொடுத்துவிட்டு இல்லையென்றார். மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளி திறக்க இன்னும் ஒன்பது நாள்.

ஆறாவது வீடு பள்ளிக்கூடத்துக்கு அடுத்த சந்தில். மணி அடிப்பது இங்கே நன்றாகக் கேட்கும். கதவைப் பாதி திறந்த பெண்ணின் முழங்கைவரை மீன் செதில் ஒட்டியிருந்தது. "மாடிதான் காலி. வாய்யா, பாரு. யாருக்கு?" என்றாள்.

நான் படியிலிருந்து தெருவில் இறங்கி நின்றுகொண்டேன்.

"எங்க அக்காவுக்கும்மா. மச்சான் ஹார்பர்ல வேல, ஒரே பொண்ணு. வியாசர்பாடி. நாங்க எஸ்.சி. குடுப்பீங்கன்னா மேல வர்றேன்."

அவள் என்னைப் பார்த்தாள். திரும்பி உள்ளே ஒருமுறை பார்த்தாள். உள்ளே யாரோ சேரை நகர்த்தும் சத்தம் கேட்டது. செதில் ஒட்டிய கை கதவின் தாழ்ப்பாள் மேலேயே இருந்தது.