அந்தரத்து வெட்டுக்காயப் பூண்டு

நான்கு மாடி வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகும், மூன்றாம் மாடிச் சுவர் விரிசலில் முளைத்திருந்த செடி மட்டும் அதே உயரத்தில் காற்றில் நின்றது. நின்றதோடு விடாமல் பூத்தது, பஞ்சு விதைகளைத் தெருவெங்கும் பறக்கவிட்டது. தாவரப் பதிவு அலுவலகத்தின் அதிகாரி தொலைநோக்கியை ஐந்து நிமிடம் கண்ணில் வைத்துவிட்டு, இது எங்குமில்லாத அபூர்வ இனம் என்று முடிவு கட்டினார். உடனே மனையைச் சுற்றி வேலி போட்டார்கள். புது வீடு எழும்பும் என்று எதிரே தகரக் கொட்டகையில் காத்திருந்த பதினோரு குடும்பங்கள் அங்கேயே கிடக்க வேண்டியதாயிற்று.

அதில் ஒன்று ஒட்டுக்காரியின் தங்கை குடும்பம். செடிகளை அழுத்தி உலர்த்தி அட்டையில் ஒட்டுவது அலுவலகத்தில் அவள் வேலை என்பதால் அந்தப் பெயர். கீழிருந்து பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாலையோரம், தரிசு, தண்டவாள ஓரம் என்று கால் வைக்கிற இடமெல்லாம் முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டு.

"செடி சாதாரணம்தான் சார். நிக்கிற இடம்தான் புதுசு."

"சாதாரணச் செடி அந்தரத்துல நிக்குமா?" என்றார் அதிகாரி.

கொட்டகையில் இரண்டு மழைக்காலம் போயின. தங்கை மகளுக்கு இருமல் விடவே இல்லை. ஒட்டுக்காரி மனுமேல் மனு போட்டாள். கையில் எடுத்துப் பார்க்காத செடிக்குச் சாதாரணம் என்று சான்று கிடையாது என்று தொலைநோக்கிக்காரரே பதில் எழுதியபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயின்டரிடம் இரண்டு ஏணி வாங்கிச் சேர்த்துக் கட்டி, தங்கையோடு வேலியைத் தாண்டினாள். சாய்க்கச் சுவர் இல்லாததால் செடிமேலேயே சாய்த்தார்கள். அது அசையவில்லை.

"போதும்க்கா, இறங்குக்கா!"

"வாயை மூடிட்டு ஏணியைப் பிடிடி!"

உச்சியில் நின்று உரக்க எண்ணினாள். நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெளிர் இதழ் ஐந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல், சொரசொர இலை. ஒரு கிளையைக் கிள்ளி இறங்கி, உலர்த்தி ஒட்டி, 'காணப்படும் இடம்' என்பதற்கு நேரே 'சுவர் இருந்த இடம்' என்று எழுதி அதிகாரியின் மேசையில் வைத்தாள். பூதக்கண்ணாடியில் அவர் பல்லை மூன்று தடவை எண்ணினார். பிறகு வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

வேலி போயிற்று, வீடு எழுந்தது. புதுச் சுவர் நான்கடி வெளியே தள்ளி வந்ததால், செடி மூன்றாம் மாடியில் தங்கை வீட்டுச் சமையலறை நடுவில் இடுப்புயரத்தில் நின்றது.

"போக வர இடிக்குதேக்கா," என்றாள் தங்கை.

"பழகிடும்."

மகள் குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டை அதன்மேல் காயப்போட்டாள்.