குதிரைக் குடல் டொக்டர்

"முந்தியே ஏதாவது வருத்தம் இரிந்ததா?"

திடீர் மரண விசாரணை அதிகாரி கச்சிமுகம்மது பேனையைத் தாளில் ஊன்றியபடி காத்திருந்தார். ஆஸ்பத்திரிப் பிரேத அறை வாசலில் நின்ற ஹுஸ்னியாவுக்குக் கேள்வி விளங்கியது. என்ன சொல்வதென்றுதான் விளங்கவில்லை. உள்ளே அவளுடைய தம்பி றாஸிக் கிடந்தான். நேற்று மாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியவன், காலையில் இங்கே கொண்டுவந்து சேர்க்குமுன் மவுத்தாகிவிட்டான். ஒரு காய்ச்சலுக்குக்கூடப் படுத்தறியாத வாலிப உடம்பு.

முந்தியே நோய் இருந்ததென்று பொறுப்பான ஒருவர் சொன்னால் மையித்தை அப்படியே தந்துவிடுவார்களாம். இல்லையென்றால் வெட்டிப் பார்க்க வேண்டுமாம்.

"வெட்ட உடாத புள்ள," உம்மா றாஹிலா அவளுடைய அபாயாக் கையைப் பிடித்து இழுத்தாள். "மையித்துக்கும் நோகும். அஸரோட அடக்கிடணும். நீ டொக்டர், நீ சொன்னாக் கேப்பாரு."

டொக்டராம்! நிந்தவூர் ஆட்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது. அவள் பேராதனையில் மிருக வைத்தியம் படித்தவள். செத்துப்போன குதிரைக் குட்டிகளின் குடலை வெட்டி ஆராய்கிறவள். குடலின் உட்சுவரில் நோயை எதிர்க்கிற சின்னச் சின்னத் திட்டுகள் இருக்கும். குட்டி வளர வளர அவையும் வளரும். வீட்டில் இதை விளங்கிக்கொண்டவன் றாஸிக் ஒருவன்தான். "அப்ப குடலுக்குள்ள பொலிஸ் காவல் போட்டிரிக்கு எண்டு சொல்லுங்க ராத்தா," என்று சிரிப்பான். எங்கட ராத்தா குதிரைக் குடல் டொக்டர் என்று கடைத்தெருவெல்லாம் பெருமையடிப்பான். அவனுக்கா இப்படி?

அவளுக்குக் காரணம் தெரிய வேண்டும். அதுதான் அவளைப் போட்டு அரித்தது. குடல் முறுகியதா, ஓட்டை விழுந்ததா, நஞ்சு ஏதும் போனதா? உயிர் போனால் குடல்தான் சீக்கிரம் கெடும். இந்த வெக்கையில் இன்னும் கொஞ்ச நேரம் போனால் அது ஒன்றும் காட்டாது. வெட்டட்டும் என்றது ஒரு மனம். றாஸிக்கையா என்று பதறியது அதே மனம். எத்தனை குட்டிகளின் வயிற்றைக் கை நடுங்காமல் பிளந்திருக்கிறாள்! அவற்றில் சில, திட்டுகள் எல்லாம் நல்லபடியாக இருந்தும், ஏன் செத்தன என்பதைக் கடைசிவரை காட்டாமலே போயின. இவனும் அப்படிக் காட்டாமல் போனால், வெட்டியதுதானே மிச்சம்?

"டொக்டர்?" என்றார் கச்சிமுகம்மது.

"ஓம்," என்றாள் ஹுஸ்னியா. "வயித்து வருத்தம். கனகாலமா இரிந்திச்சு. என்னட்ட மட்டுந்தான் கதைப்பான்."

அவர் குனிந்து எழுதத் தொடங்கினார். தான் பொய் சொல்லிவிட்டது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து ஜனாஸாவை அடக்க மையவாடிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கீறல் இல்லாமல், முழு உடம்பாகத்தான் கபன் துணிக்குள் போனான். அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, அந்த ஆறுதல் அருவருப்பாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராகப் போன பிறகு உம்மா பாயில் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு ஏன் புள்ள மறைச்சான்?"

"என்னத்தை உம்மா?"

"அந்த வருத்தத்தை. உனக்குச் சொல்லியிரிக்கான். அவனைப் பெத்தவளுக்குச் சொல்லல்ல."

ஹுஸ்னியா அந்தப் பொய்யை அதிகாரிக்காகத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்ற உம்மாவும் அதை நம்புவாள் என்று நினைக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால், அப்ப என்ட புள்ள எதால மவுத்தானான் என்று உம்மா கேட்பாள். அதற்கு என்ன சொல்வது? மண்ணைப் போட்டு மூடியாயிற்று.

"நேத்துப் பகல் நண்டு ஆணம் காய்ச்சினன்," என்றாள் உம்மா. "உறைப்புக் கூடத்தான் போட்டன். வேணாம் எண்டு சொல்லல்ல புள்ள. ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கித் திண்டான்."

சொல்லிவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஹுஸ்னியா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நகக்கண்களில் மஞ்சள் இன்னும் போகாமல் இருந்தது.