ஜெரால்ட் இறங்கினால் குறையும் எடை

தேர்வாய் கண்டிகை எடைமேடையில் லாரி டிரைவர் ஜெரால்டின் துக்கம் எழுநூற்று நாற்பது கிலோ என்று தெரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கும்மிடிப்பூண்டியில் பத்து டன் கம்பி ஏற்றியதாகச் சீட்டு சொன்னது. இறக்க வந்த கம்பெனி வாசலில் மேடை அதற்கு மேல் காட்டியது. கம்பியை எண்ணினார்கள், சரியாக இருந்தது. கடைசியில் டிரைவரை இறங்கச் சொன்னதும் எண் மளமளவென்று குறைந்தது. ஆள் எழுபத்திரண்டு கிலோ, மிச்சமெல்லாம் துக்கம். எடை போடுகிற சுகிர்தா அதைச் சீட்டின் ஓரத்தில் குறித்துவைத்தாள்.

ஜெரால்ட் வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை, குடியும் இல்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்குக் கட்டில் உடைந்தது. ஈஸ்டருக்குள் அவர் கால் பட்ட டைல்ஸெல்லாம் விரிசல். "இன்னா ஆச்சுன்னு கேட்டா ஒண்ணுமில்லன்றாரு. ஒண்ணுமில்லாததுக்கா டைல்ஸ் ஒடையுது?" என்று அவர் மனைவி ஷைனி சுகிர்தாவிடம் அழுதாள். லாரி முதலாளி பரசுராமன் நல்ல மனுஷன்தான். ஆனாலும் வண்டி தினமும் வாசலில் நின்றால் அவர் என்ன செய்வார்? இரண்டு மாதத்தில் எடை இறங்காவிட்டால் வேறு டிரைவர் என்று சொல்லிவிட்டார்.

சுகிர்தா ஒரு தப்பு செய்தாள், அந்தப் பக்கம் எல்லோரும் செய்கிற தப்பு. தனக்குக் கேட்ட மாத்திரையை எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டாள். நாலு வருஷம் முன்பு அவளுக்கும் இதே துக்கம் வந்தபோது அது மூன்றே வாரத்தில் கேட்டது. பக்கவிளைவு கொட்டாவி மட்டும். அவள் கொட்டாவி விட்டால் வரிசையில் நிற்கும் லாரிகளும் விடும், அவ்வளவுதான். ஜெரால்டுக்கோ ஒரு கிலோ குறையவில்லை. அவருடைய தூக்கம் லாரிக்குப் போய்விட்டது. அவர் விடிய விடிய விழித்திருக்க, வண்டி பத்து மணிவரை குறட்டை விட்டது. கேபினுக்குள் வியர்வை முழங்கால் அளவு நின்றது.

பத்தாம் நாள் ஷைனி ஜெரால்டையும் சுகிர்தாவையும் திருவள்ளூரில் டாக்டர் விக்டோரியாவிடம் இழுத்துப் போனாள். "ரெண்டு பேருக்கும் ஒரே நோய்னா ஒரே மருந்தாம்மா? உங்க உடம்பு வேற, அவர் உடம்பு வேற. என்னைக் கேக்காம கொடுக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது" என்று டாக்டர் வெளுத்து வாங்கினார். சுகிர்தா தலை நிமிரவில்லை. ஜெரால்டுக்கு வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார், கொஞ்சமாக ஆரம்பித்து.

மூன்று வாரம் எண் அசையவே இல்லை. வாய் மட்டும் வறண்டது. ஜெரால்ட் பேசினால் புழுதி பறந்தது, ஷைனி ஜன்னலைத் திறந்துவைத்தாள். இருபத்து மூன்றாம் நாள் பதினொரு கிலோ குறைந்தது. "அக்கா, பதினொண்ணு!" என்று சுகிர்தா போனில் கத்தினாள். ஷைனி அடுப்படியிலேயே உட்கார்ந்து ஆசை தீர அழுதாள். அதற்குப் பிறகு பரசுராமன் வேறு டிரைவர் பேச்சையே எடுக்கவில்லை.

ஆறாம் மாதம் நாற்பது கிலோவில் நின்றது. மேலும் இறங்கவில்லை. ஒருநாள் மழையில் எடை போடும்போது ஜெரால்ட் பழக்கத்தில் கதவைத் திறந்தார். "எறங்காதண்ணா, நனைஞ்சிடுவ. நாப்பதுதான, நான் கழிச்சிக்கிறேன்" என்றாள் சுகிர்தா. அவர் சிரித்தார், கொஞ்சம் புழுதி பறந்தது.

அந்த ஞாயிறு கட்டில் வாங்கப் போனார்கள். ரெண்டு ஆள், மேலே ஒரு நாற்பது கிலோ துக்கம், தாங்குமா என்று ஷைனி கேட்டாள். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் தாங்கும்மா. இத வுட கனமான ஆளுங்கெல்லாம் நம்மகிட்டதான் வாங்கினு போயிருக்காங்க."