இரவல் தாய் தகப்பன்

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பரமசிவன் மலைக்கோயிலில் ஈரத்துணியோடு நின்று கற்பூரம் அணைக்கச் சொன்னாலும் அணைத்துவிடலாம். எங்காவது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் அது போடிமெட்டுக் காற்று செய்த வேலை.

போடியில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் அறுபது பெண்கள் நாலு வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு சொளகு, அதாவது முறம். மலையிலிருந்து காய்ந்து வந்த காயில் காம்பைக் கிள்ளி, வெடித்ததையும் வெளுத்ததையும் தள்ளி, பச்சை மாறாத முழுக்காயை ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். மின்விசிறி கிடையாது. காற்றில் காயின் மணம் போய்விடும் என்பது முதலாளியின் கவலை. மணமோ எங்கேயும் போகவில்லை. அங்கே பத்து வருஷம் உட்கார்ந்தவள் வெறும் கஞ்சி குடித்தாலும் பாயசம் குடித்தவள் மாதிரிதான் ஏப்பம் விடுவாள்.

இரண்டாம் வரிசையில் மூன்றாவது ஆள் சுருளியம்மாள். ஒருதரம் அவள் தும்மியபோது சக்கை தனியாகவும் காய் தனியாகவும் பிரிந்து விழுந்ததாகப் பக்கத்து ஆள் மருதாயி சொன்னாள். மருதாயி பொய் சொல்லுகிறவள் அல்ல.

அப்பேர்ப்பட்ட கைக்காரியை எழுபத்து நாலாம் வருஷம் சித்திரையில் ஒன்பது நாள் வேலைக்கு வராதே என்று வெளியே நிறுத்திவிட்டார்கள். பொறுக்கிய முதல்தரக் காயை இரண்டாம்தரச் சாக்கில் கொட்டிவிட்டாள். சாக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தன. மேலே மையால் எழுதியிருந்தது இங்கிலீஷ். அன்று காலையில் சாக்குகளை இடம் மாற்றி வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பது நாளும் சுருளியம்மாள் வீட்டில் உட்கார்ந்து, ஐந்து வயது மகள் பேச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாம் நாள் வாயைத் திறந்தாள்.

"இவ இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும்."

புருஷன் மொக்கையன் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்ப்பவன். பதினைந்து நாளைக்கு ஒருதரம்தான் இறங்கி வருவான். அன்றைக்கு வந்திருந்தான்.

"முனிசிபல் பள்ளிக்கூடத்துல மத்தியானம் சோறு போடுறான். உன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல என்னத்தப் போடுவான்?"

"கழுத்துல டை போடுவாங்க."

"அதத் திங்க முடியுமா?"

சரி, சோறு போடுகிற இடத்தையும் பார்த்துவிடுவோம் என்று மூன்று பேரும் முனிசிபல் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அங்கே ஒரே வாத்தியார், மூன்று வகுப்பு. வாயால் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொன்னார். கையால் இரண்டாம் வகுப்புக்குப் பலகையில் எழுதினார். ஒன்றாம் வகுப்புக்குள் நுழைந்த ஆட்டுக்குட்டியைக் காலால் தள்ளினார். மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தன. ஆட்டுக்குட்டி வாய்ப்பாடு முழுவதும் கேட்டுவிட்டுத்தான் போனது.

பேச்சியைக் கூப்பிட்டுத் தலைக்கு மேலே கையைச் சுற்றி மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். தொட்டால் பள்ளிக்கூட வயது வந்துவிட்டது என்று அர்த்தம். பேச்சியின் கை காதைத் தொட்டதோடு நிற்காமல் கன்னத்தையும் தடவிவிட்டு வந்தது.

"நல்லது. சேத்துட்டுப் போங்க," என்றார்.

சுருளியம்மாள் அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஓடு பாதிதான் இருந்தது. "மழை வந்தா என்ன செய்வீக சார்?"

"லீவு விட்ருவோம்."

"இங்கிலீஷ் எப்பச் சொல்லித் தருவீக?"

"மூணாப்புல. அதுக்கு ஆள் போடச் சொல்லி எழுதியிருக்கு. எழுதி நாலு வருஷம் ஆச்சு." அவரும் பொய் சொல்லுகிறவர் அல்ல. அதுதான் சுருளியம்மாளுக்குத் தைத்தது.

ஸ்டோரில் கணக்கு எழுதுகிறவர் ஜக்கையன், எஸ்.எஸ்.எல்.சி. பாஸானவர். அவருக்கும் மனைவி வேலுத்தாய்க்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். பிள்ளை இல்லை. பேச்சி ஆத்தாளுக்குக் கஞ்சி கொண்டு வரும்போதெல்லாம் ஸ்டோருக்கு எதிர்வீட்டிலிருந்து வேலுத்தாய் கூப்பிட்டு, எண்ணெய் தேய்த்துத் தலை பின்னி, கையில் முறுக்கு கொடுத்து அனுப்புவாள். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் எப்படி என்று சுருளியம்மாள் ஜக்கையனிடம்தான் கேட்டாள்.

அவர் பேனாவை மூடினார். "சும்மா சேத்துக்கிற மாட்டாங்க சுருளி. தாய் தகப்பன உக்கார வச்சுக் கேள்வி கேப்பாங்க. எல்லாம் இங்கிலீஷ்ல. பதில் வரலைன்னா பிள்ளைய வெளிய அனுப்பிருவாங்க."

"படிக்கப் போறது பிள்ளைதானய்யா?"

"பிள்ளைக்கு வீட்ல சொல்லித்தர ஆளு வேணும்ல?"

அன்று முதல் இரண்டாம் வரிசையே பரீட்சைக்குப் படித்தது. மருதாயி சொளகை மார்போடு அணைத்துக்கொண்டு டீச்சரம்மாவாக உட்கார்ந்தாள்.

"வாட் இஸ் யுவர் நேம்?"

"மை நேம் சுருளியம்மாள்."

"நடுவுல ஒரு 'இஸ்' வருமே, எங்கடி?"

"சக்கையோட போயிருச்சுக்கா."

"ஒன்பது நாள் வெளிய நில்லு."

வரிசை முழுக்கச் சிரித்தது. சாயங்காலம் வெளியே போகும்போது காயை ஒளித்துக்கொண்டு போகிறார்களா என்று வாசலில் சோதனை நடக்கும். முந்தானையை உதற வேண்டும், கொண்டையை அவிழ்க்க வேண்டும். அந்த வாரக் கடைசியில் வாசற்காவல் ராமரே, "கம் ஹியர், கொண்டையை ஓப்பன்," என்றார். அந்த அளவுக்குப் படிப்பு பரவிவிட்டது.

ஆனால் ஜக்கையன் ஒரு கேள்வி கேட்டபோது சுருளியம்மாளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கேள்வியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"விடு," என்றார் அவர். "நானும் வேலுத்தாயும் தாய் தகப்பன்னு போயி உக்காந்துட்டு வந்துர்றோம். ஒருநாள் கூத்து. பிள்ளை உன் பிள்ளைதான, எங்க போயிரும்?"

அடுத்த தரம் இறங்கி வந்த மொக்கையன் இதைக் கேட்டுவிட்டுச் சாப்பிட்ட கையைக் கழுவ எழுந்திருக்கவில்லை.

"எம் பிள்ளைக்கு அப்பன் பேரு ஜக்கையனா?"

"காயிதத்துலதான்யா."

"காயிதத்துல இருக்கிறதுதான்டி நெசம். தோட்டத்துல பதினெட்டு வருஷமா சோலி பாக்குறேன். காயிதத்துல எம் பேரு இல்ல. நீ வேலையே பாக்கலைன்னுதான் தோட்டத்துக்காரன் சொல்றான்." கையில் சோறு காய்ந்துவிட்டது. "முனிசிபல்ல போட்டா எம் பேரு இருக்கும்."

"உம் பேரு இருக்கும். ஓடு இருக்காது. அவளும் என்னைய மாதிரி சாக்கப் பாத்து முழிச்சிக்கிட்டு நிப்பா."

மொக்கையன் எழுந்து போய்க் கையைக் கழுவினான். விடியுமுன் மகளை எழுப்பாமல் கன்னத்தை மட்டும் தொட்டுவிட்டு மலைக்கு ஏறிவிட்டான். அவன் சம்மதித்ததாகச் சுருளியம்மாள் எடுத்துக்கொண்டாள்.

சேர்க்கைக்குப் போன அன்று வேலுத்தாய் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். பேச்சிக்குப் புதுக் கவுன். சுருளியம்மாள் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார்கள். ஜக்கையன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "முப்பத்தேழு கேள்வி. ஒண்ணொண்ணும் மலையப் புரட்டுற கேள்வி," என்றார். பேச்சி என்ற பேர் அங்கே எடுபடாது என்று வேலுத்தாய் ஹேமலதா என்று கொடுத்திருந்தாள். சுருளியம்மாள் அந்தப் பேரை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாள். வீடு வரும்போது பாதிதான் நாக்கில் இருந்தது.

தினமும் காலையில் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது அவள்தான். முதல் நாள் வாசலில் பேச்சி, "ஆத்தா, போகாத," என்று சேலையைப் பிடித்தாள். சுருளியம்மாள் சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். கையில் காம்பு கீறிய சொரசொரப்பு. பிள்ளையின் உதடு சிவந்துவிட்டது.

"ஆத்தான்னு சொல்லக் கூடாது. கேட்டா பேர அடிச்சிருவாங்க. சுருளின்னு சொல்லு."

"சுருளி."

"சத்தமாச் சொல்லு."

"சுருளி."

ராத்திரிக் கஞ்சிக்கு முன்னால் அதை மூன்று தடவை சொல்லச் செய்தாள். பிள்ளை கெட்டிக்காரி, ஒரே வாரத்தில் படிந்துவிட்டது. பிறகு வீட்டிலும் அதுவே வந்தது. தாகத்துக்கும் சுருளி, காய்ச்சலுக்கும் சுருளி. ஒருநாள் தூக்கத்தில் தேள் கொட்டியபோதுகூட, "ஐயோ சுருளி," என்றுதான் கத்தினாள். தேளே வெட்கப்பட்டுப் போய்விட்டதாக மருதாயி சொன்னாள்.

இரண்டாம் வருஷம் வீட்டுப்பாடம் கூடியது. குடிசையில் சிம்னி விளக்கு, வேலுத்தாய் வீட்டில் மின்சார விளக்கு. பாடம் முடிய நேரமாகிறது, அங்கேயே படுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். முதலில் பரீட்சைக்கு மட்டும். பிறகு திங்கள் முதல் வெள்ளி வரை. பள்ளிக்கூடச் சம்பளத்துக்காகச் சுருளியம்மாள் ஞாயிற்றுக்கிழமையும் காய் கிள்ளினாள். அதனால் சனி ஒருநாள்தான் பிள்ளை கையில் கிடைத்தது.

ஒரு சனிக்கிழமை பேச்சி ஸ்டோருக்குள் வந்து சாக்குகளின் முன்னால் நின்றாள். மேலே மையால் எழுதிய தரக்குறியில் விரலை வைத்து, "ஏ. ஜி. பி.," என்று வாசித்தாள். அடுத்ததை வாசித்தாள். பதினாறு சாக்கையும் வாசித்தாள். அறுபது பெண்களும் சொளகைக் கீழே வைத்துவிட்டார்கள். சுருளியம்மாள் மட்டும் தலையைக் குனிந்து கிள்ளிக்கொண்டே இருந்தாள். அந்த ஐந்து நிமிஷத்தில் அவள் கிள்ளியது ஒருநாள் வேலை என்று எடை போட்டவன் சொன்னான்.

மூன்றாம் வருஷம் அரைப்பரீட்சை லீவுக்கு, வேலுத்தாய் பிள்ளையை விருதுநகருக்குக் கூட்டிப் போனாள். அங்கே அவள் அண்ணன் வீடு. "பத்து நாள்ல வந்துருவோம்," என்று பஸ்சில் ஏறினாள். ஜன்னல் வழியாகப் பேச்சி கையாட்டி, "டாட்டா சுருளி," என்றாள். மறுவாரம் ஜக்கையனும் ஸ்டோரை விட்டு நின்றுகொண்டார். விருதுநகரில் கொத்தமல்லிக் கமிஷன் மண்டியில் வேலையாம். இருபது நாள் கழித்து எதிர்வீட்டில் வேறு ஆள் குடிவந்தார்கள்.

சுருளியம்மாள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மூன்று வருஷத்தில் அவள் உள்ளே நுழைவது அதுதான் முதல் தடவை. தலைமை டீச்சர் சாராள் வயசான அம்மா. உட்காரச் சொன்னார். அவள் சுவரோரம் நின்றாள்.

"ஹேமலதாவா? அவங்க அப்பா வந்து டி.சி. வாங்கிட்டுப் போயி ரெண்டு வாரம் ஆச்சே. நல்லாப் படிக்கிற பிள்ளை. நீங்க யாரும்மா?"

சுருளியம்மாள் மேசையைப் பார்த்தாள். அதன்மேல் பெரிய பதிவேடு கிடந்தது. நெசத்தைச் சொன்னால் அதில் எழுதியது அத்தனையும் பொய் என்று ஆகும். பேரை அடிப்பார்கள். மூன்று வருஷப் படிப்பும் போய்விடும். எங்கே இருந்தாலும் பேச்சி இந்நேரம் இங்கிலீஷ்தான் படித்துக்கொண்டிருப்பாள்.

"அவுக வீட்ல வேலை பாத்தவங்கம்மா."

"அப்படியா." டீச்சர் எழுந்து அலமாரியைத் திறந்து ஒரு ஜோடிக் கறுப்பு ஷூவை எடுத்தார். "இது அவளோடது. சின்னதாப் போச்சுன்னு விட்டுட்டுப் போயிட்டாங்க. உங்களுக்குப் பொம்பளப் பிள்ளை இருந்தா போட்டு விடுங்க."

அதை வாங்கிக்கொண்டு அவள் நேராக ஸ்டோருக்குப் போனாள். அரைநாள் போய்விட்டது. மீதி அரைநாள் கிள்ளினாள். சாயங்காலம் வாசலில் முந்தானையை உதறினாள், கொண்டையை அவிழ்த்தாள். ராமர் ஷூ இரண்டையும் வாங்கிக் கவிழ்த்து, குதிகாலில் தட்டிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை.

"யாருக்கு ஆத்தா இது?"

அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

மொக்கையன் இறங்கி வந்து விருதுநகர் போனான். இரண்டு நாள் தேடி வீட்டைக் கண்டுபிடித்தான். கதவு திறக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தர், "உம் பிள்ளைன்னு காயிதம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருந்த ஒரே காயிதம் ஜக்கையனிடம் இருந்தது. திரும்பி வந்தவன் சுருளியம்மாளை ஒரு வார்த்தை ஏசவில்லை. மறுநாள் மலைக்கு ஏறினான். அவள் இரண்டாம் வரிசையில் மூன்றாவது ஆளாகப் போய் உட்கார்ந்தாள்.

அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கேள்வி கேட்கும் வழக்கம் ஒருநாளும் இருந்ததில்லை. பேச்சி சேர்ந்த வருஷத்துப் பதிவேட்டில் மொத்தம் பதினான்கு பிள்ளைகள், அதில் ஒன்பது பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் வைத்திருப்பது கைநாட்டு.